எஃப்.சி.க்குப் போகும் பழைய பைக்: மலை வண்டியில் எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

“அண்ணே, இன்ஜின் தங்கம் மாதிரி இருக்கு. அப்படியே காட்டிட்டு வந்துடலாம்ல?”

எஃப்.சி.க்கு (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றுக்கு) ஆர்.டி.ஓ. அலுவலகம் போகிறவர்களிடம், கோத்தகிரியில் நான் பட்டறை போட்ட நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. இன்ஜின் தங்கமாகத்தான் இருக்கும். ஆனால் திருப்பி அனுப்பப்பட்டு மறுநாள் என்னிடம் வந்து நிற்கும் வண்டிகளில் இன்ஜின் கெட்டது அபூர்வம். பிரேக் லைட் எரிந்திருக்காது, ஹாரன் இருமியிருக்கும், ஐடிலில் (ஆக்சிலேட்டர் கொடுக்காமல் நின்று ஓடும்போது) புகை கூடியிருக்கும், சேஸிஸ் நம்பர் துருவுக்குள் ஒளிந்திருக்கும். எல்லாமே இந்த மலை செய்கிற வேலை. பனிமூட்டம் வயருக்குள் புகுந்து பச்சை பூக்கவைக்கும், இறக்கம் பிரேக்கைத் தின்னும், மெல்லிய காற்றில் மிக்சர் (பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை) கொழுத்துப்போகும், அதாவது பெட்ரோல் மிஞ்சிவிடும். கோவையில் சர்வீஸ் முடித்து ஏறி வருகிற வண்டி இங்கே வந்ததும் முரண்டு பிடிப்பது இதனால்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஆண்டுதோறும் எஃப்.சி. என்பது எட்டு வயது தாண்டிய வாடகை வண்டிகளுக்கு. சொந்த பைக்குக்கு ஆர்.சி. (பதிவுச் சான்று) 15 வருடம் செல்லும். அது முடியும்போது வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி 5 வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும், பிறகு ஒவ்வொரு 5 வருடமும் அதே வேலை. இதையும் எஃப்.சி. என்றே சொல்லிப் பழகிவிட்டோம். விண்ணப்பம் படிவம் 25. தேதி முடிய 60 நாள் இருக்கும்போதே கொடுக்கலாம். இன்சூரன்ஸ், புகைச் சான்று இரண்டும் உயிரோடு இருக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. கோத்தகிரி, குன்னூர் ஆட்கள் முடிந்தால் அக்டோபர், நவம்பரில் தேதி வாங்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை நம் பக்கம்தான் அதிகம் கொட்டும். கூடலூர், பந்தலூர் ஆட்களுக்கு ஜூன், ஜூலை ஆகாது. நனைந்த பிரேக்கையும் நனைந்த வயரையும் கொண்டுபோய் யாரிடமும் காட்ட முடியாது.

கீழே சொல்வது பெரும்பாலும் 100, 125 சி.சி. நாலு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு, அதாவது கார்புரேட்டரும் டிரம் பிரேக்கும் உள்ள பழைய ஸ்ப்ளெண்டர் வகைக்கு. மலையில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவை அவைதான். உங்கள் வண்டியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். செலவில்லாத வேலையை முதலில் பாருங்கள். அதில் சரியாகிவிட்டால் அடுத்த வரியைப் படிக்கவே வேண்டாம்.

## புகைச் சான்று கிடைக்கவில்லை

இதில் ஆரம்பிக்கக் காரணம், அந்தச் சான்று இல்லாமல் மற்றது எதுவும் நகராது. மீட்டர் பார்ப்பது ஐடிலில் மட்டும். 2000 மார்ச் 31க்குப் பிறகு தயாரான நாலு ஸ்ட்ரோக் வண்டிக்கு சி.ஓ. (கார்பன் மோனாக்சைடு) 3.5 சதவீதத்துக்குள், எச்.சி. (ஹைட்ரோகார்பன், அதாவது எரியாத பெட்ரோல்) 4,500 பி.பி.எம்.முக்குள் இருக்க வேண்டும். அதே காலத்து இரண்டு ஸ்ட்ரோக்குக்கு எச்.சி. 6,000 வரை விடுவார்கள். அதற்கு முந்தைய வண்டி என்றால் 4.5 சதவீதமும் 9,000மும். (இவை பாரத் ஸ்டேஜ் 4க்கு முந்தைய வண்டிகளுக்கான அளவுகள்.) அச்சடித்துத் தரும் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். எது கூடியிருக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

### சி.ஓ. கூடுதல், பிளக் கரியாக இருக்கிறது

முதலில் சோக். சிரிக்காதீர்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் சோக் இழுத்துத்தான் ஸ்டார்ட் செய்கிறோம், அப்புறம் பாதியில் மாட்டிக்கொண்டு நிற்பது தெரிவதில்லை. லீவர் முழுதாகத் திரும்புகிறதா என்று கையால் பாருங்கள்.

அடுத்தது ஏர் ஃபில்டர். பக்க மூடியைக் கழற்றி எடுங்கள். ஸ்பாஞ்சு வகை என்றால் மண்ணெண்ணெயில் அலசி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, காயவைத்து, கொஞ்சம் கியர் ஆயிலில் நனைத்து, மறுபடி நன்றாகப் பிழிந்து மாட்டலாம். காகித வகையைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். மேகம் இறங்கும் மாதங்களில் இரண்டுமே ஈரம் குடித்துக் கனத்துப்போகும். ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் புகை குறைகிறது என்றால் குற்றவாளி அகப்பட்டான். ஆனால் ஃபில்டர் இல்லாமலே போய்ச் சான்று வாங்கும் யோசனை வேண்டாம். தேயிலைத் தோட்டத்து மண் பாதையில் ஒரே வாரத்தில் சிலிண்டர் கீறிவிடும்.

இரண்டும் சரி, இன்னும் கூடுதல் என்றால் மிக்சர். மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டரில். காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், கார்புரேட்டர் விடுகிற பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது. கீழே செட் செய்த வண்டி மேலே கறுப்பாகத்தான் ஊதும். ஆகவே திருகை எங்கே சான்று எடுக்கப்போகிறீர்களோ அந்த உயரத்தில் வைத்துத் திருப்புங்கள்.

எந்தத் திருகு? கார்புரேட்டர் பக்கவாட்டில் சின்னதாக ஒன்று இருக்கும். அது ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றுத் திருகு, வெளியே திருப்பினால் காற்று கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோல் திருகு, உள்ளே திருப்பினால்தான் பெட்ரோல் குறையும். இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு வருபவர்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது உண்டு. வண்டியை நாலைந்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கி, திருகு எத்தனை சுற்று வெளியே இருந்தது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, கால் கால் சுற்றாகத் திருப்புங்கள். இன்ஜின் எந்த இடத்தில் தானாக வேகமெடுக்கிறதோ அங்கே நிறுத்தி, ஐடில் திருகால் வேகத்தைக் குறையுங்கள். பிறகு கால் சுற்று காற்றின் பக்கம். அதற்கு மேல் பேராசைப்படாதீர்கள். காற்று மிஞ்சினால் இறக்கத்தில் சைலன்சர் பட் பட்டென்று வெடிக்கும், எரியாத பெட்ரோல் வெளியேறி சி.ஓ. குறைந்த இடத்தில் எச்.சி. ஏறி நிற்கும். கார்புரேட்டருக்குள் நீடில் கொக்கியை மாற்றுவது ஓட்டத்துக்கு நல்லது, ஐடிலில் பார்க்கும் மீட்டருக்கு அதனால் லாபமில்லை.

இதற்கும் மசியவில்லை, அல்லது கார்புரேட்டருக்கு அடியில் பெட்ரோல் வியர்க்கிறது என்றால் ஃப்ளோட் ஊசியும் சீட்டும் தேய்ந்திருக்கும். அங்கே நிறுத்திப் பட்டறைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தித் துளையைப் பெரிதாக்கிக் கொண்டுவந்தால் செலவு இரண்டு மடங்கு.

### எச்.சி. மட்டும் கூடுதல்

பிளக்கை மாற்றுங்கள். இந்த வகை வண்டிக்கு இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. பிளக் கேப்பைத் திருகிக் கழற்றி வயர் நுனியைப் பாருங்கள். கறுத்திருந்தால் கால் அங்குலம் வெட்டிவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். பிறகு டேப்பெட், அதாவது வால்வுக்கு விடும் இடைவெளி. இறுகிப்போன டேப்பெட் சத்தம் போடாது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. ஃபீலர் கேஜ் வைத்துப் பழக்கமில்லாதவர்கள் இதைச் செய்ய வேண்டாம், அரை மணி நேரப் பட்டறை வேலைதான்.

### நீலப் புகை

டிப் ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, துடைத்த குச்சியைத் திருகாமல் நுழைத்து எடுக்க வேண்டும். அதிகம் ஊற்றியிருந்தால் வடித்துவிட்டாலே போதும்.

அளவு சரியாக இருந்தும் புகைகிறதா? அதைக் கண்டுபிடிக்க நம் மலை ரோட்டை மிஞ்சிய கருவி கிடையாது. பின்னால் ஒருவரை இன்னொரு வண்டியில் வரச் சொல்லுங்கள். ஒரு நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக மூடிக்கொண்டு கியரில் இறங்கி, கீழே வளைவில் மறுபடி திறக்கும்போது ஒரு கொத்துப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல். ஏற்றத்தில் இழுக்கும்போது விடாமல் புகைந்துகொண்டே வந்தால் ரிங், போர். முதலாவது செலவு குறைவு. இரண்டாவதற்கு ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரை லேத்துக்கு அனுப்பி, பிஸ்டன் மாற்றி, ஓடப் பழக்கவே சில நூறு கிலோமீட்டர் ஆகும். எஃப்.சி.க்கு ஒரு வாரம் இருக்கும்போது இதைத் தொடாதீர்கள். தேதியைத் தள்ளிவைத்துவிட்டுச் செய்யுங்கள். கெட்டியான ஆயில், பவுடர் கலந்த டப்பா எதையாவது ஊற்றி அன்றைக்கு மட்டும் ஒப்பேற்றலாம் என்பவர்கள் உண்டு. நான் செய்வதில்லை.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சர் வாயில் வெள்ளையாக வருவது வெறும் நீராவி. இங்கே குளிரில் எல்லா வண்டிக்கும் வரும், சூடானதும் நின்றுவிடும். இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்காரர்கள் டூ-டி ஆயிலைக் கண்ணளவில் ஊற்றுவதை நிறுத்தினாலே பாதிப் புகை போய்விடும். வண்டிக்குச் சொன்ன அளவு என்னவோ அதுதான். டி.வி.எஸ். எக்ஸ்.எல். என்றால் லிட்டருக்கு 20 மி.லி. சைலன்சரின் உள்குழாயை உருவி எடுத்து, படிந்த கரியைச் சுரண்டிவிட்டால் மீதிப் பாதி.

## பிரேக் பிடிக்கவில்லை

வண்டி பார்க்கிற அதிகாரியை நம் ஊரில் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றே சொல்கிறோம். அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரி, பார்ப்பதும் அதைத்தான் முதலில். நீங்களே வீட்டில் ஒரு சோதனை செய்துவிடலாம். செங்குத்தான ஒரு ஏற்றத்தில் வண்டியை மேல்பார்க்க நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, பின் பிரேக்கை மட்டும் மிதித்து நில்லுங்கள். அப்புறம் திருப்பிக் கீழ்பார்க்க நிறுத்தி, முன் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். இரண்டிலும் நகராமல் நின்றால் பிறகு சமதளத்தில் ஓட்டிப் பாருங்கள். இங்கேயே வழுக்கினால் கீழே படியுங்கள்.

### லீவர் கைப்பிடி வரை வருகிறது, பெடல் அடி வரை போகிறது

பெரும்பாலும் அட்ஜஸ்ட்மென்ட்தான். முன் லீவர் நுனி 1 முதல் 2 செ.மீ. வரை சும்மா ஆடி அதன்பின் பிடிக்க வேண்டும், பின் பெடல் 2 முதல் 3 செ.மீ. வரை. நட்டைத் திருகி இந்த அளவுக்குக் கொண்டுவந்ததும், சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். உரசக் கூடாது.

முன் கேபிளின் மேல்முனையை லீவரிலிருந்து விடுவித்துப் பார்க்க மறக்காதீர்கள். இழைகளில் ஒன்றிரண்டு அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தால் அன்றே மாற்றுங்கள். கேபிள் விலை ஒன்றும் பெரிதில்லை. கல்லட்டி இறக்கத்தின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் அது அறுவதற்கான இடத்தை அதுவே தேர்ந்தெடுக்கும்.

### அட்ஜஸ்ட் செய்தும் வழுக்குகிறது

பிரேக் தட்டில் சின்ன அம்புக்குறி ஒன்று இருக்கும். பிரேக்கை முழுதாகப் பிடிக்கும்போது அந்த அம்பு எதிரே உள்ள கோட்டைத் தொட்டால் ஷூ (டிரம்முக்குள் உரசிப் பிடிக்கும் கட்டை) தீர்ந்தது. பேசுவதற்கு ஒன்றுமில்லை, மாற்ற வேண்டும்.

அம்பு தொடவில்லை, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். மலை வண்டியில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்: ஷூவில் லைனிங் (மேலே ஒட்டியிருக்கும் உரசும் பட்டை) தாராளமாக இருக்கும், ஆனால் அதன் முகம் கறுப்புக் கண்ணாடி மாதிரி பளபளக்கும். விரலை வைத்தால் வழுக்கும். கியரை நியூட்ரலில் போட்டு பிரேக்கை மட்டும் நம்பி மேட்டுப்பாளையம் வரை இறங்குகிறவர்களின் வண்டி இப்படி ஆகும். எரிந்த வாசனை வந்திருக்கும், கவனித்திருக்க மாட்டார்கள். எமரித் தாளை ஒரு பலகையில் விரித்து, லைனிங்கை வட்டமாகத் தேய்த்து அந்தப் பளபளப்பை மட்டும் எடுங்கள், டிரம்மின் உள்பக்கத்தையும் லேசாகத் தேயுங்கள். தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். லைனிங் தடிப்பு 2 மி.மீ.க்குக் கீழே இருந்தால் தேய்ப்பதில் அர்த்தமில்லை.

லைனிங்கில் எண்ணெய்க் கறை இருந்தால் ஷூவைத் தூக்கிப் போட்டுவிட்டு, எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். பேரிங் கிரீஸ் சூட்டில் உருகி வந்திருக்கும், இல்லையென்றால் செயினுக்கு அடித்த ஆயில் தெறித்திருக்கும்.

புது ஷூ போட்டவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். என் அனுபவத்தில் வாங்கிய குட்டு இது. அவசரத்துக்கு முதல் நாள் இரவு ஷூ மாற்றி, காலையில் ஒருவரை அனுப்பிவைத்தேன். பிரேக் பிடிக்கவில்லை என்று திரும்பி வந்தார். புது லைனிங் டிரம்மோடு முழுதாக உட்காரவில்லை, ஓரத்தில் மட்டும் தொட்டிருக்கிறது. ஒரு வாரமாவது ஏறி இறங்கி ஓட்டிவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். போகவர ஆன செலவை நான் கொடுத்தேன்.

### பிடித்தால் விடுவதில்லை, டிரம் சுடுகிறது

பிரேக் கேம் (ஷூவை விரிக்கும் தண்டு) துருப்பிடித்து இறுகியிருக்கிறது. ஈரம் செய்யும் வேலை. கேமைத் தட்டி வெளியே எடுத்து, துருவை எமரியால் துடைத்து, மிக மெல்லிசாக கிரீஸ் தடவி மாட்டுங்கள். எடுக்கும் முன், வெளியே மாட்டியிருக்கும் பிரேக் கையும் கேமும் சேரும் இடத்தில் இரண்டிலும் ஒரு புள்ளி குத்தி வையுங்கள், இல்லையென்றால் திரும்ப மாட்டும்போது ஒரு பல் தள்ளிவிடும்.

பிடிக்கும்போது லீவர் விட்டுவிட்டு உதைக்கிறது, பெடல் காலைத் தள்ளுகிறது என்றால் டிரம் கோணிவிட்டது. இங்கே உங்கள் வேலை முடிந்தது. லேத்தில் கடைந்து சரியாகுமா, ஹப் மாற்ற வேண்டுமா என்பதை அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். எந்த விட்டத்துக்கு மேல் கடையக் கூடாது என்று பல வண்டிகளில் டிரம்முக்குள்ளேயே பொறித்திருக்கும். டிஸ்க் வண்டியில் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கினாலும், மாஸ்டர் சிலிண்டர் பக்கம் எண்ணெய் கசிந்தாலும் நேரே பட்டறைதான்.

## லைட், ஹாரன் தகராறு

இதில் பெரும்பாலும் காசு செலவே இல்லை, பொறுமை மட்டும் வேண்டும். ஹெட்லைட் கூட்டுக்குள் வயர்கள் சேரும் இடத்தைத் திறந்து பாருங்கள். கனெக்டர் வாயில் பாசி படிந்த மாதிரி பச்சையாகப் பூத்திருக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்து, ஜீரோ எமரியால் சுரண்டி, துளி வாஸ்லின் தடவி, இறுக்கி மாட்டுங்கள். சட்டத்தில் திருகியிருக்கும் எர்த் வயரின் போல்ட்டையும் கழற்றித் துடையுங்கள். இந்த ஒரு மணி நேர வேலைக்குப் பிறகும் எரியாததை மட்டும் தேடினால் போதும்.

பிரேக் லைட் எரியவில்லை: பல்பு, அப்புறம் ஹோல்டருக்குள் துருப்பிடித்த ஸ்பிரிங், அப்புறம் பெடலுக்கு மேலே ஸ்பிரிங்கில் தொங்கும் சுவிட்ச். முன் பிரேக்குக்கும் சுவிட்ச் இருந்தால் அதைத் தனியாகப் பாருங்கள். ஒன்றில் எரிந்து மற்றதில் எரியாமல் இருக்கும், வீட்டில் யாரும் பின்னால் நின்று பார்த்திருக்க மாட்டார்கள்.

இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் படபடவென்று அடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கிறது, அல்லது வேறு வாட் பல்பு போட்டிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் அடிக்காமல் நிலையாக எரிந்தால் ஃபிளாஷர், அதற்கு முன் பேட்டரி.

ஹெட்லைட் ஐடிலில் மங்கலாக எரிவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பழைய வண்டிகளில் அது பேட்டரியில் எரிவதில்லை, நேரே காயிலில் இருந்து வருகிறது. ஆக்சிலேட்டர் கொடுத்துப் பாருங்கள். கொடுத்தும் மங்கல் என்றால் ரிஃப்ளெக்டர் உட்புறம் ஆவி பிடித்துக் கறுத்திருக்கும், மாற்றுவதைத் தவிர வழியில்லை. அடிக்கடி பல்பு வெடித்தால் ரெகுலேட்டர், அது எலக்ட்ரீஷியன் வேலை. பனிமூட்டத்துக்காகக் கூடுதலாக எல்.இ.டி. லைட் கட்டியிருப்பவர்கள் அன்றைக்குக் கழற்றிவிடுங்கள். எனக்கும் அதன் அருமை தெரியும், கட்டபெட்டு தாண்டினால் சில நாள் முன் சக்கரமே தெரியாது. ஆனாலும் கழற்றிவிடுங்கள்.

ஹாரன் இருமினால் பின்பக்கத் திருகைக் கொஞ்சம் திருப்புங்கள். கேட்கவில்லையா, பேட்டரியைச் சார்ஜில் போடுங்கள். பல குரலில் கத்தும் ஹாரனும் ஏர் ஹாரனும் சட்டப்படியே கூடாது.

## ஹேண்டில் இழுக்கிறது, வண்டி ஆடுகிறது

முதலில் காற்று. அடுத்தது, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை ஒரு விரலால் மெல்லத் திருப்புங்கள். நடுவில் வந்ததும் ‘டக்’ என்று ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தால் கோன் செட் (ஹேண்டில் கழுத்துப் பேரிங்) போய்விட்டது. பட்டறை வேலை. உட்காரவில்லை, ஆனால் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளினால் ஆட்டம் இருக்கிறது என்றால் இறுக்கினால் போதும்.

பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங், ஸ்விங் ஆர்மோடு சேர்ந்து ஆடினால் புஷ். ஸ்போக் கம்பிகளை ஒரு சின்ன ஸ்பேனரால் வரிசையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். ‘டிங்’ என்று வந்துகொண்டிருக்கும் இடத்தில் ‘டொக்’ என்று ஒன்று கேட்கும், அது தளர்ந்தது. ஒன்றிரண்டு என்றால் நீங்களே இறுக்கலாம். வரிசையாக நாலைந்து தளர்ந்திருந்தால் ரிம் கோட்டம் பார்க்கிறவரிடம் போங்கள். செயின் நடுவில் 2 முதல் 3 செ.மீ. ஆட வேண்டும். ஃபோர்க் ஆயில் சீல் கசிவு கண்ணுக்கே தெரியும், அதைத் துடைத்துவிட்டுப் போவதில் பயனில்லை. ஃபோர்க்கை நாலு தரம் அமுக்கினால் மறுபடி வந்துவிடும்.

பச்சை இலை மூட்டை ஏற்றி ஃபேக்டரிக்கு ஓட்டும் வண்டியா? அப்படியானால் சீட்டைக் கழற்றி, பின் ஷாக் அப்சார்பர் மேலே மாட்டும் இடத்தையும் கேரியர் போல்ட்டைச் சுற்றியும் டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட்டில் தலைமுடி மாதிரி ஒரு கோடு, அதன் ஓரத்தில் துருக் கசிவு. அது விரிசல். அதன் மேல் பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள். பின் சட்டத்தில் என்றால் நல்ல வெல்டர் கையில் தீரும். ஹேண்டில் கழுத்துப் பக்கம் விரிசல் தெரிந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு வரக்கூட வேண்டாம், பிக்கப்பில் ஏற்றுங்கள்.

## சைலன்சர் சத்தம்

பெண்ட் (சைலன்சரின் வளைந்த முன்குழாய்) இன்ஜினோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் ஊதுகிறதா என்று கையை அருகில் (தொடாமல்) வைத்துப் பாருங்கள். ஊதினால் கேஸ்கெட் மாற்றி, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள். அது சரியென்றால் சைலன்சரின் அடிவயிறு. பக்கத்து ஊருக்கும் கடைக்கும் மட்டும் ஓடும் வண்டியில் உள்ளே தேங்கும் தண்ணீர் வெளியேற நேரமே கிடைக்காது, உள்ளிருந்தே அரிக்கும். ஓட்டை சின்னதென்றால் கேஸ் வெல்டிங் வைக்கலாம், ஸ்பேனரால் தட்டினால் தகரம் உள்ளே போகிறதென்றால் புதிது. தம்பிமார்கள் மாட்டியிருக்கும் சத்தச் சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டிக்கொண்டு போங்கள், பழையதை எடைக்குப் போட்டுவிட்டேன் என்று என்னிடம் வந்து நிற்காதீர்கள்.

## டயர், சின்னச் சின்ன சாமான்கள்

டயரின் பக்கச் சுவரில் சின்ன முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ இருக்கும். அதற்கு நேர் மேலே பள்ளத்துக்குள் ஒரு ரப்பர் திண்டு. தேய்மானம் அந்தத் திண்டுக்குச் சமமாக வந்துவிட்டால் மாற்றுங்கள். இரு சக்கர வண்டிக்கு 0.8 மி.மீ. ஆழம் மீதி இருக்க வேண்டும். பழைய வண்டியில் பள்ளம் நிறைய இருந்தும் பக்கச்சுவர் பிளந்திருப்பதைப் பார்க்கிறேன். அதுவும் செல்லாது.

கண்ணாடி, பின்னால் உட்காருபவருக்குப் பிடிமானம், கால் வைக்கும் கட்டை, பின் சக்கரத்தைப் பாதியாவது மறைக்கும் சாரி கார்டு: இவற்றை அழகுக்காகக் கழற்றிப் பரணில் போட்டிருந்தால் தேடி எடுங்கள். நம்பர் பிளேட்டில் வெள்ளையில் கறுப்பு எழுத்து, முன்னால் 30 மி.மீ. உயரம், பின்னால் எண்கள் 40 மி.மீ. சாமி படம், கட்சிக் கொடி, மகள் பெயர் எதுவும் பிளேட்டில் வேண்டாம்.

## சேஸிஸ் நம்பர் தெரியவில்லை

ஹேண்டிலுக்குக் கீழே, சட்டத்தின் கழுத்தில் அடித்திருக்கும். அங்கே கேபிள்கள் உரசி, மழை வடிந்து, துருவும் கிரீஸும் கெட்டிப்பட்டிருக்கும். பென்சில் பிரிண்ட் எடுக்கும்போது பாதி எண் விழாது. ஒரு வாரத்துக்கு முன்பே ஆரம்பியுங்கள். மண்ணெண்ணெய் நனைத்த துணியை அங்கே ஒரு இரவு சுற்றி வைத்துவிட்டு, காலையில் பழைய டூத் பிரஷால் தேயுங்கள். மறுநாளும் அதே. துரு தானாகவே உதிரும். பிறகு பென்சிலால் எண்ணின் மேல் கறுப்பாகத் தீட்டி, செல்லோ டேப்பை ஒட்டி நகத்தால் தடவி உரித்து, வெள்ளைத் தாளில் ஒட்டிப் பாருங்கள். எல்லா எழுத்தும் விழுந்தால் சரி. ஆர்.சி. புக்கில் உள்ளதோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

எமரி, ஃபைல், கிரைண்டர் எதையும் அங்கே கொண்டுபோகாதீர்கள். என் பட்டறையில் வேலைக்கு இருந்த பையன், பளிச்சென்று தெரியட்டும் என்று நல்ல மனதோடு எமரி வீல் வைத்துவிட்டான். மேலோட்டமாக அடித்திருந்த இரண்டு எண்கள் போயே போய்விட்டன. பார்ப்பவர் கண்ணுக்கு வேண்டுமென்றே அழித்தது போலத்தான் தெரியும். வண்டிக்காரர் பாவம், தேயிலைத் தோட்டத்தில் தினக்கூலி. பழைய காகிதங்களை எடுத்துக்கொண்டு அவரோடு நானும் பல நாள் அலைந்தேன். எண் துருவிலேயே கரைந்து போயிருந்தால் நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம், அப்படியே அலுவலகத்தில் காட்டி, எழுதிக் கொடுத்து, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

## அன்றைய காலை

முதல் நாள் மாலை வண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதீர்கள். கழுவிய வண்டிதான் காலையில் ஹாரன் அடிக்காது. துணியால் துடைத்தால் போதும். பையில் ஒரு பிரேக் லைட் பல்பு, இண்டிகேட்டர் பல்பு, ஸ்க்ரூ டிரைவர், 10ஆம் நம்பர், 14ஆம் நம்பர் ஸ்பேனர், காய்ந்த துணி, பென்சில், செல்லோ டேப். கோத்தகிரியிலிருந்து ஊட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஏறக்குறைய 30 கி.மீ., இன்ஜின் நன்றாகச் சூடாகிவிடும். ஊட்டி ஆட்கள் ஒரு சுற்று ஓட்டிவிட்டுப் போங்கள். வழியில் தூறல் இருந்தால் கடைசி ஒரு கிலோமீட்டர் இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்தபடி ஓட்டுங்கள், டிரம்முக்குள் இருக்கும் ஈரம் காய்ந்துவிடும். வாசலில் நிறுத்தியதும் சோக் லீவரை ஒருமுறை கையால் தொட்டுப் பாருங்கள்.

திருப்பி அனுப்பினால் வாக்குவாதம் வேண்டாம். “எதுங்க சார் சரியில்லை?” என்று கேட்டு, சொல்வதை அந்த இடத்திலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வருவதற்குள் “ஏதோ பின்னாடி லைட்டோ என்னவோ சொன்னாரு” என்று ஆகிவிடும், நான் வண்டி முழுக்கப் பிரித்துத் தேட வேண்டியிருக்கும்.